தன் கட்டிலைக் கொடுத்த அம்மாள்



வயது முதிர்ந்தவர்களைப் பராமரிப்பது என்றவுடன் சோறும் துணியும் மருந்துந்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. ஆனால் அவ்வளவு போதுமா? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை சொன்னவர் அர்ச். ழான் ஜுகான் அம்மாள். அவரது சரித்திரத்தைக் கேளுங்கள்.

பிரான்சு தேசத்தில் பிரித்தானி என்னும் கடலோர நாட்டிலே, கான்கால் என்ற ஊரில் 1792-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி அவர் பிறந்தார். மீன் பிடிக்கக் கடலுக்குப் போன தகப்பனார் திரும்பி வரவில்லை. அப்போது குழந்தைக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. வளர்ந்தபின் ஒரு பிரபுவின் வீட்டுச் சமையலறையில் வேலை செய்தார். பிறகு சேன் செர்வான் என்ற ஊரில் மருத்துவமனை நோயாளிகளைக் கவனித்தார்.

1839-ம் ஆண்டின் குளிர்காலத்தில், கண் பார்வையற்று, கைகால் விழுந்து, கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கிழவியைத் தம் வாடகை வீட்டிற்குக் கொண்டுவந்தார். தம்முடைய கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் மேலே பரணில் படுத்துக்கொண்டார். அம்மாளுக்கு அப்போது வயது 47. முதியோர் இல்லம் என்று பின்னால் உலகமெங்கும் பரவிய அவரது பணிக்கு அந்தக் கட்டிலே அஸ்திவாரம்.

ஒருத்தி இருவரானாள். 1841-ல் பன்னிரண்டு பேருக்கு இடமுள்ள வீடு வேண்டியிருந்தது. மறு ஆண்டு ஒரு பழைய கன்னியர் மடத்தை வாங்கினார்கள். இவ்வாறு உண்டானதே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை.

அங்கே நடந்த பராமரிப்பைக் கவனியுங்கள். நடக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டினார்கள், ஊட்டினார்கள். கை ஓடக்கூடியவர்களுக்கு நூல் நூற்கும் வேலை கொடுத்தார்கள். தாங்கள் பாரம் அல்ல என்று அவர்கள் உணர வேண்டுமல்லவா? அதுவரை தெருத்தெருவாய்ப் பிச்சையெடுத்துப் பிழைத்த கிழவிகளை வீட்டிலே இருக்கச் செய்து, அவர்களுக்குப் பதிலாக அம்மாளே கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். அவர்களுடைய வெட்கத்தைத் தாம் சுமந்தார். மரணத் தறுவாயில் உள்ளவர்களைத் தனியே விடாமல் அருகிலிருந்து ஜெபிப்பது அச்சகோதரிகளின் வழக்கமாயிற்று.

இனிமேல்தான் கடினமான பகுதி. 1843 டிசம்பரில் சகோதரிகள் அம்மாளை மறுபடியும் தலைவியாகத் தேர்ந்துகொண்டார்கள். சபைக்கு வழிகாட்டியாயிருந்த குருவானவர் சில நாட்களிலேயே அதைத் தள்ளிவிட்டு, இளம் சகோதரி ஒருவரைத் தலைவியாக்கினார். 1852-ல் அம்மாள் வெளியே போகாமல் மடத்திலேயே தங்கும்படி கட்டளையாயிற்று. தம் மரணமட்டும் 27 ஆண்டுகள் அப்படியே வாழ்ந்தார். உடனிருந்த நவசகோதரிகளுக்கு இவரே சபையை ஸ்தாபித்தவர் என்று தெரியாது. கடைசி நாட்களில் கண் பார்வையும் ஏறக்குறைய மறைந்தது. தாம் அன்று சுமந்துவந்த கிழவியைப்போலவே தாமும் ஆனார். ஆயினும் முறுமுறுத்தாரில்லை. 1879 ஆகஸ்டு 29-ந் தேதி தமது 86-ம் வயதில் இறந்தபோது சபையில் சுமார் 2400 சகோதரிகள் இருந்தனர். 1890-ல் அந்தக் குருவானவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். உண்மை பின்னர் வெளியாயிற்று. 2009 அக்டோபர் 11-ந் தேதி பதினாறாம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் அம்மாளுக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

குடும்பத்தாரே, உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். காற்றோட்டமான இடத்தில் அவர்கள் கட்டில் கிடக்கிறதா, அல்லது சாமான் அறையிலா? அவர்கள் கைக்கு ஏற்ற ஒரு வேலையை விட்டுவைத்திருக்கிறீர்களா? வீட்டுக் காரியங்களில் அவர்கள் யோசனையைக் கேட்கிறீர்களா? அவர்கள் வாலிபத்தில் உங்களுக்காகச் செய்ததைப் பேரப்பிள்ளைகள் அறிவார்களா? முதியோர் இல்லத்தில் ஒருவரை விட்டிருப்பவர்கள், மாதப் பணத்தோடு உங்கள் கடமை தீர்ந்ததென்று எண்ணவேண்டாம். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே அங்கே போய், சற்றுநேரம் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.