புடவை மூட்டையோடு வந்த நடேசய்யர்

மாத்தளைத் தோட்டங்களுக்கு முதலில் வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை தாண்டி, காட்டுவழியே நடந்து வந்தவர்கள். பாதையிலேயே மாண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலத்தில், 1920 அளவில், இலங்கைக்கு வந்தார் கோ. நடேசய்யர். 1887இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தவர்.

அந்நாளில் வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தால் வழக்கு வரும். புடவை வியாபாரிக்கு மட்டும் வழி விடுவார்கள். ஆகவே புடவை மூட்டையைச் சுமந்துகொண்டு லயங்களுக்குள் போனார் ஐயர். என் உம்மம்மாவின் வாப்பாவும் தோட்டந் தோட்டமாய்ப் புடவை விற்றவர்தான். அதனாலோ என்னவோ, இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒற்றை அறையில் ஒரு குடும்பம், கங்காணியின் கணக்கில் ஏறிக்கொண்டே போகும் கடன்: ஐயர் கண்டதையெல்லாம் 'தேசநேசன்', 'தேசபக்தன்' பத்திரிகைகளில் எழுதினார்.

1919இல் சர்வதேச தொழில் ஸ்தாபனம் உருவானபோதே, சமமான வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற கொள்கை வெர்சாய் உடன்படிக்கையில் எழுதப்பட்டிருந்தது. இந்தியா அதில் ஆரம்ப உறுப்பு நாடு. குடியேற்ற நாடான இலங்கைக்கோ தனி இடமில்லை. இந்திய அரசின் நெருக்குதலால் 1927இல் இங்கே குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி 1929இல் மலைநாட்டின் உயர்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தானே!

சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதுமா? அதைத் தொழிலாளியின் காதில் போடவேண்டுமே. 1931இல் ஐயர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை கூட்டங்களில் தாமே எழுதிய பாட்டுக்களைப் பாடினார். எழுத்து வாசனையில்லாத பெண்களிடம் கட்டுரையை விடப் பாட்டே வேகமாய்ப் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். 1940இல் அவர் பாட்டுக்கள் சிறு நூலாகவும் வந்தன. ஐயரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அம்மையாரை ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1936 முதல் அட்டன் உறுப்பினராக அரசாங்க சபையில் இருந்த ஐயர், 1947 நவம்பரில் காலமானார். மறுவருடம் இலங்கை சர்வதேச தொழில் ஸ்தாபனத்தில் சேர்ந்தது. அதே வருடம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டத்துப் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் சம்பளத்துக்குச் சமமானது 1984இல்தான்.