மலைக்கு ஒரு சங்கம் கண்ட இன்ஜினீயர்



போன வருஷம் நம்ம மலையேற்றக் குழு கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்த ஒரு சின்னச் சம்பவத்தோடு ஆரம்பிக்கிறேன். குழுவுக்குக் கணக்கு எழுதுவதும் சாமான் பார்ப்பதும் என் வேலை. ஹாஸ்டல் வராந்தாவில் கயிற்றை நீட்டிப் போட்டு, விரலால் தடவிக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் மேலுறை தேய்ந்து உள்நூல் வெளியே தெரிந்தது. இந்தக் கயிறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதுக் கயிறு வாங்கப் பணம் இல்லை. பாறையில் கயிறு கட்டி இறங்கும் நிகழ்ச்சி ரத்து. அவ்வளவுதான், பத்து நாள் ஒருத்தரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. "பயந்தாங்கொள்ளி" என்ற பட்டம்தான் மிச்சம்!

சம்பளமும் இல்லை, நல்ல பெயரும் இல்லை. இந்த வேலையை எதற்காக ஒருவன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்? அந்தக் கடுப்பில் மலையேறும் சங்கங்களின் கதையைத் தேடிப் படித்தேன். அப்போது கிடைத்தவர்தான் இத்தாலி நாட்டு இன்ஜினீயர் குவின்டினோ செல்லா.

1827ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பியெல்லா என்ற ஊர்ப் பக்கம் பிறந்தார். குடும்பத்துக்குக் கம்பளித் தொழில். டூரின் நகரில் படித்து முடித்து, பாரிஸில் சுரங்கவியல் கற்றுத் திரும்பினார். நம்மைப் போன்ற தொழிற்கல்வி மாணவர்களுக்கு வடிவக்கணிதம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் வேலை கிடைத்தது. நம்ம லேபில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு ஸ்லைடு ரூல் தூங்குகிறதே, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று 1859இல் ஒரு புத்தகமே எழுதியவர் இவர். அரைத்த தாதுவில் இரும்பும் தாமிரமும் கலந்து கிடந்தால், மின்காந்தத்தால் இரும்புத் தாதுவை மட்டும் இழுத்துப் பிரிக்கும் இயந்திரத்தையும் உருவாக்கினார். படிகங்களை ஆராய்ந்த இவரது நினைவாக ஒரு கனிமத்துக்கே செல்லைட் என்று பெயர் வைத்தார்கள். 1860இல் பாராளுமன்ற உறுப்பினர். 1862இல், 35 வயது நிரம்புவதற்கு முன்பே, நிதி மந்திரி!

இப்படிப்பட்டவருக்கு ஒரு மனக்குறை. போ நதி பிறக்கும் மோன்விசோ சிகரம், 3,841 மீட்டர், அவர்களுடைய சொந்த மலை. ஆனால் 1861இல் அதன் உச்சியை முதலில் மிதித்தவர்கள் ஆங்கிலேயர்களும் அவர்களுடைய பிரெஞ்சு வழிகாட்டிகளும். நம்ம வீட்டு மாடிக்கு நமக்கு முன்னால் அடுத்தவர் ஏறின மாதிரி! 1863 ஆகஸ்ட் 12ஆம் தேதி செல்லாவும் மூன்று நண்பர்களும் உள்ளூர் ஆட்களின் துணையோடு அந்த உச்சியை அடைந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவைச் சேர்ந்தவர்.

மற்றவராக இருந்தால் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். செல்லா என்ன செய்தார் தெரியுமா? இறங்கிய கையோடு, டூரின் பொறியியல் பள்ளியின் செயலாளராக இருந்த காஸ்தல்தி என்ற நண்பருக்கு நீண்ட கடிதம் எழுதினார். லண்டனில் 1857இலேயே மலைச் சங்கம் வந்துவிட்டது, நம் இளைஞர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது அதன் சாரம். அக்டோபர் 23ஆம் தேதி டூரினில், அந்தப் பொறியியல் பள்ளி இயங்கிவந்த வாலன்டினோ அரண்மனையிலேயே கூட்டம் நடந்தது. சங்கம் பிறந்தது. இன்றைய டூரின் பாலிடெக்னிக் அந்தப் பள்ளியின் வழிவந்ததுதான். ஆக, இத்தாலியின் மலைச் சங்கம் பிறந்தது நம்ம ஜாதிக்காரர்கள், அதாவது டிராயிங் போர்டுக்காரர்கள், இடத்தில்! முதல் தலைவராக செல்லா உட்காரவில்லை. வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த ஆசை மேட்டர்ஹார்ன். நண்பர் ஜோர்தானோவும் ஓர் இன்ஜினீயர். அவர் 1865இல் காரல் என்ற மலைவாசி வழிகாட்டியோடு ஏற்பாடுகள் செய்தார். ஆனால் ஜூலை 14ஆம் தேதி விம்பர் என்ற ஆங்கிலேயரின் குழு மறுபக்கமாக ஏறி முந்திக்கொண்டது. காரல் மூன்று நாள் கழித்தே உச்சியை அடைந்தார். செல்லாவின் கோஷ்டிக்குத் தோல்விதான். ஆனால் வென்ற கோஷ்டியின் கதி என்ன? இறங்கும்போது ஒருவர் கால் வழுக்க, கயிறு அறுந்து, ஏழு பேரில் நான்கு பேர் பள்ளத்தில் விழுந்து மாண்டார்கள். அவர்களில் ஒருவர், 1861இல் மோன்விசோவின் உச்சியைத் தொட்ட வழிகாட்டி மிஷேல் குரோ. அறுந்தது, கொண்டுபோன கயிறுகளிலேயே பலம் குறைந்த பழைய கயிறு. இதைப் படித்தபோது எனக்கு ஹாஸ்டல் வராந்தா ஞாபகம் வந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது.

செல்லாவை வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கடனில் மூழ்கிய நாட்டைக் கரையேற்ற, மாவு அரைப்பதற்கு வரி போடலாம் என்று முதலில் யோசனை சொன்னவர் அவர். 1869 ஜனவரியில் வரி அமலுக்கு வந்தது. திரிகைக் கல் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண ஒரு கருவியை மாட்டினார்கள். ஏழையின் ரொட்டிக்கே வரி! கலவரம் வெடித்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு கடைசியில் மறுபடி நிதி மந்திரியான செல்லா, வரியைத் தளர்த்தாமல் வசூலித்தார். 1876இல் நாட்டின் வரவும் செலவும் சமமானது உண்மை. அதற்கு ஏழைகள் கொடுத்த விலையும் உண்மை. கணக்கில் புலியாக இருந்தவர், கணக்குக்கு அந்தப் பக்கம் இருந்த வயிற்றைப் பார்க்கத் தவறிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் மலைச் சங்கத்தில் அதே கண்டிப்பு உயிர் காத்தது. சங்கம் 1866இல் மோன்விசோ அடிவாரத்தில் தன் முதல் தங்குகுடிலைக் கட்டியது. புயல் வந்தால் ஒதுங்க ஒரு கூரை! 1876இல் தலைவரான செல்லா, 1884 மார்ச் 14இல் சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்த மாவு வரியும் அதே 1884இல்தான் அடியோடு ஒழிந்தது. அவர் அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவரான விட்டோரியோ செல்லா, 1899இல் நம் நாட்டுக் கஞ்சன்ஜங்காவைச் சுற்றிவந்து படம் எடுத்த புகழ்பெற்ற கேமராக்காரர்.

இன்று அந்தச் சங்கத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். ஊர் ஊராகக் கிளைகள். பாதையோரப் பாறைகளில் சிவப்பு-வெள்ளை அடையாளம் பூசுவது, புதியவர்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லித்தருவது, சந்தா வாங்கி ரசீது கொடுப்பது, எல்லாம் பெரும்பாலும் தொண்டர்கள்தான். வார நாளில் மில்லிலும் ஆபீஸிலும் வேலை, ஞாயிற்றுக்கிழமை மலையில். 1954இல் சங்கம் தொடங்கிய மீட்புப் படையிலும் தொண்டர்களே, நடு ராத்திரியில் பனியில் ஆள் தேடப் போகிறார்கள். அவர்கள் பெயரை எந்தச் சிகரத்துக்கும் வைப்பதில்லை.

நண்பர்களே, உச்சியில் எடுத்த போட்டோவில் கயிறு பார்த்தவன் முகம் இருக்காது. ஆனால் போட்டோவில் இருக்கிற எல்லோரும் திரும்பி வந்திருப்பார்கள். எனக்கு அது போதும். இந்த வருஷம் நான் பைனல் இயர், போய்விடுவேன். அலமாரிச் சாவியும் கணக்கு நோட்டும் என்னிடம்தான் இருக்கின்றன. நோட்டில் புதுக் கயிறுக்காகச் சேர்த்த பணம் ரூபாய் பைசா சுத்தமாக எழுதியிருக்கிறது. முதலாம் ஆண்டுத் தம்பிகளே, தங்கைகளே, திட்டு வாங்கத் தயாராக யாராவது ஒருவர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்!

– மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்