சங்கங்களுக்கு ஒரு சங்கம் கண்ட அறிஞர் அஸீஸ்

நம் ஊர்களில் வாலிபர் சங்கங்கள் பிறப்பது எளிது. மீலாது விழா நெருங்கும்போது தெருவுக்கொரு சங்கம் தோன்றும். பெயர்ப்பலகை எழுதப்பெறும்; படிப்பகத்துக்கென ஓர் அலமாரியும் வாங்கப்பெறும். செயலாளர் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்ததும் அலமாரி பூட்டியே கிடக்கும். சில காலத்தில் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதும் மறந்துபோகும். இக்காட்சியைக் காணாத பெரியவர்கள் நம்மிடையே அரியர். இக்குறைக்கு மருந்து தேடியவர்களுள் இலங்கை தந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் ஒருவர். அவரைப் பற்றி எழுதுவோர் கல்லூரி அதிபராக, செனட் சபை உறுப்பினராக, தமிழ் நூலாசிரியராக அவரைப் போற்றுவர். அவர் நிறுவிய முஸ்லிம் வாலிபர் சங்கங்களின் பேரவையை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவர். அந்த ஒரு வரியில் நாம் சற்றே தங்க விரும்புகிறோம்.

அபூபக்கர் முகம்மது அப்துல் அஸீஸ் 1911ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தையார் அபூபக்கர் சட்டத் துறையிலும் பொதுவாழ்விலும் மதிப்புப் பெற்றவர். திருக்குர்ஆன் பள்ளியில் தொடங்கிய அஸீஸின் கல்வி, வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் வளர்ந்தது. சைவச் சூழலில் தமிழ் பயின்ற முஸ்லிம் மாணவர் அவர். பிற்காலத்தில் அவரிடம் நாம் காணும் தமிழ்ப் பற்றும், பிற சமயத்தாரோடு கூச்சமின்றிப் பழகும் பாங்கும் அந்த வகுப்பறைகளில் ஊன்றப்பெற்றவை என்று கருதுகிறோம். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு கற்றுப் பட்டம் பெற்றபின் கேம்பிரிட்ஜ் சென்றார். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவானார். அச்சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் அவரே.

அவர் வாழ்வின் திருப்பம் கல்முனையில் நேர்ந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. பர்மா வீழ்ந்ததால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் நின்றது. உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொறுப்போடு அஸீஸ் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பெற்றார். கிழக்குக் கரையின் நெல் வயல்களில் உழைத்த முஸ்லிம் மக்களை அவர் அணுக்கமாகக் கண்டது அப்போதுதான். உழுவதற்கு நிலம் கிடைக்க அவர் செய்த உதவியை அம்மக்கள் மறக்கவில்லை. அவர் பெயரால் ஒரு வயற்பரப்பையே அழைத்தனர். ஆனால் அவர் கண்ணில் உறுத்தியது வேறு. அறிவுள்ள பிள்ளைகள் பலர் உள்ளூர்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி வயலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். கொழும்புக்கு அனுப்பிப் படிக்கவைக்கப் பெற்றோரிடம் பணம் இல்லை. எங்கே, எவரிடம் விண்ணப்பிப்பது என்று வழிகாட்டவும் ஆள் இல்லை.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளோடு அவர் நெருங்கிப் பழகியதும் இக்காலத்தில்தான். கல்வியே சமுதாயத் தொண்டின் தலைவாயில் என்னும் எண்ணம் இருவருக்கும் பொது. அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. ஓர் ஊர்ச் சங்கம் ஓர் ஊரின் பிள்ளைகளுக்கே உதவ முடியும். நாடு முழுவதற்கும் அதே தேவை இருப்பதைக் கண்ட அஸீஸ், 1945 மே மாதம் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கிவைத்தார். வறுமை காரணமாக எந்த மாணவரின் உயர்கல்வியும் தடைப்படலாகாது என்பது அதன் நோக்கம். ஓர் ஊரில் விதைத்த முயற்சியை நாடளாவிய நிறுவனமாக விரிக்கும் இம்முறையை, பின்னர் வாலிபர் சங்கங்களின் விஷயத்திலும் அவர் கையாண்டார்.

1948இல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பொறுப்பை ஏற்றார். கால் நூற்றாண்டுக்கு மேலாக அதைக் கட்டி வளர்த்த டி.பி. ஜாயா அவர்களின் இடம் அது. அரசுப் பணியின் உச்சிக்குச் செல்லும் ஏணியில் நின்றவர் இறங்கிவந்து பள்ளிக்கூடம் நடத்தப் போனது பலருக்கு வியப்பளித்தது. 1961 வரை அவர் அங்கே பணிபுரிந்தார். அக்காலம் ஸாஹிராவின் பொற்காலம் எனப் பேசப்படுகிறது. பிற்காலத்தில் பேராசிரியராகப் புகழ்பெற்ற கார்த்திகேசு சிவத்தம்பியும் அக்கல்லூரியில் படித்தவரே.

இனிப் பேரவைக்கு வருவோம். அன்றைய இலங்கையின் மக்கள் தொகையில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவினர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கிழக்கில் செறிந்து வாழ்ந்தனர். ஏனையோர் தீவெங்கும் சிதறியிருந்தனர். ஒரு நகரில் இரண்டு தெரு, ஒரு கிராமத்தில் பள்ளிவாசலைச் சுற்றி நாற்பது வீடு என்பதே பல இடங்களில் நிலை. வீட்டில் தமிழ், கடைவீதியில் சிங்களம், கச்சேரியில் ஆங்கிலம். இப்படி வாழும் சமுதாயத்தில் ஓர் ஊர் இளைஞர் செய்வது அடுத்த ஊருக்குத் தெரியாது. கிறிஸ்தவ வாலிபர் சங்கம் 1844இல் இலண்டனில் பிறந்து உலகெங்கும் கிளைத்தது. பௌத்த வாலிபர் சங்கம் 1898இல் கொழும்பில் தோன்றியது. முஸ்லிம் வாலிபர் சங்கங்களும் சில ஊர்களில் இருந்தன. ஆயினும் அவை தனித்தனித் தீவுகளாகவே நின்றன. 1950 ஏப்ரல் 30ஆம் நாள் அஸீஸ் முன்னின்று நிறுவிய அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கங்களின் பேரவை, இருக்கும் சங்கங்களை இணைக்கவும் இல்லாத ஊர்களில் புதிய சங்கங்கள் தோன்றவும் எழுந்தது. வை.எம்.எம்.ஏ. என்னும் எழுத்துகளால் அது அங்கே வழங்குகிறது.

பேரவை என்றதும் மேடையும் மாலையும் நம் நினைவுக்கு வரும். அதன் மெய்யான வேலை மேடையில் நடப்பதன்று. சிற்றூர்ச் சங்கம் ஒன்றுக்கு என்ன தேவை? விதிமுறை எழுதத் தெரியாது. எழுதிய ஒரு மாதிரி வேண்டும். வரவு செலவு வைத்துப் பழக்கமில்லை. கணக்கைக் கேட்கும் உரிமையுள்ள ஒருவர் மேலே இருந்தால் கீழே ஒழுங்கு தானே வரும். கல்வி அதிகாரிக்கு ஊர்ச் சங்கம் எழுதும் மனு மேசையில் உறங்கலாம். ஐம்பது சங்கங்களின் சார்பில் வரும் கடிதம் அவ்வளவு எளிதில் உறங்காது. இரு தெருவினர் பகைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் வேண்டிய பொது மனிதர் தேவைப்படுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, உழைத்துச் சலித்த செயலாளருக்குத் தம்மைப் போல் உழைக்கும் வேறொருவர் அடுத்த ஊரில் இருக்கிறார் என்னும் செய்தி வேண்டும். இச்செய்தி தரும் ஊக்கத்தைப் பணத்தால் வாங்க இயலாது. சங்கங்களின் சங்கம் எனத்தக்க அமைப்புகள் செய்யும் தொண்டு இவைதாம். வெளியே தெரியாத தொண்டு என்பதாலேயே இதற்கு நன்கொடை தருவாரும் குறைவு, நன்றி சொல்வாரும் குறைவு.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. தாய்ச் சங்கம் தன் பிள்ளைகளை விழுங்கிவிடலாம். தலைநகரத்துப் பெரியவர்கள் முடிவெடுக்க, ஊர்ச் சங்கங்கள் கைதட்டும் கூட்டமாக மாறிய வரலாறு பல இயக்கங்களுக்கு உண்டு. ஊர்ச் சங்கம் தன் காலில் நிற்க, பேரவை அதன் தோளில் கைவைத்து நடப்பதே முறை. கல்முனையில் ஊர் மக்களோடு அமர்ந்து ஒரு கல்விச் சங்கத்தின் பிறப்பைக் கண்ட பின்னரே அஸீஸ் பேரவையைக் கண்டார் என்பது சிந்திக்கத்தக்கது. கொழும்பில் பேரவையைத் தொடங்கிவிட்டு ஊர்களைத் தேடியவரல்லர் அவர்.

அரசியலையும் அவர் தொடாமல் இல்லை. 1952இல் செனட் சபை உறுப்பினரானார். ஐக்கிய தேசியக் கட்சியில் இருந்த அவர், 1956இல் அக்கட்சி சிங்களம் மட்டுமே அரசமொழி என்னும் நிலையை ஏற்றபோது அதை விட்டு விலகினார்; அச்சட்டத்தைச் செனட்டில் எதிர்க்கவும் செய்தார். அது எளிய முடிவன்று. சிதறி வாழும் சிறுபான்மையினர் பெரும்பான்மையோடு ஒத்துப்போவதே நலம் என்று எண்ணிய முஸ்லிம் தலைவர்கள் அன்று பலர். அவர்களைக் கோழைகள் என்று நாம் சொல்லமாட்டோம். சிங்களச் சிற்றூரில் கடை வைத்திருப்பவரின் அச்சம் அவர்களுக்குத் தெரியும். அஸீஸ் வேறு வழியைத் தேர்ந்தார். கட்சியில் அவருக்கிருந்த இடம் ஒரே நாளில் போயிற்று. நிதியமும் பேரவையும் போகவில்லை. கட்சி சாராத அமைப்பாகச் சமுதாயப் பணியை அவர் வைத்திருந்ததன் பயன் அப்போது விளங்கியது.

தமிழ்த் துறை மலரில் அவர் எழுத்தைச் சொல்லாமல் விடுவது பொருந்தாது. 1963இல் வெளிவந்த இலங்கையில் இஸ்லாம் என்னும் நூல் சாகித்திய விருது பெற்றது. மிஸ்ரின் வசியம், கிழக்காபிரிக்கக் காட்சிகள் ஆகிய பயண நூல்களும் தமிழ் யாத்திரையும் 1967, 1968ஆம் ஆண்டுகளில் வந்தன. ஆங்கிலத்திலும் வல்லவரான அவர் இவற்றைத் தமிழில் எழுதினார். ஊர்ப் படிப்பகங்களில் அமர்ந்து படிக்கும் இளைஞருக்கு அவை எட்டின.

1973 நவம்பர் 24ஆம் நாள் அறிஞர் அஸீஸ் இறையடி சேர்ந்தார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தன் முதல் பட்டமளிப்பு விழாவில் அவருக்கு இலக்கிய முனைவர் பட்டத்தை மறைவுக்குப் பின் வழங்கியது. பத்தே ஆண்டுகளில், 1990 அக்டோபரில், அவர் பிறந்த மண்ணின் முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வடபுலத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர். பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் ஆளின்றிக் கிடந்தன. சென்றவர்களில் பெரும்பாலோர் புத்தளத்துக் கரையில் முகாம்களில் தங்கினர். ஊர் இழந்த அம்மக்கள் அங்கே மீண்டும் தொடங்கவேண்டியிருந்தவற்றுள் சங்கமும் ஒன்று.