பின்னணியில் ஒரு தம்பி

திருவண்ணாமலையில் எங்க வீட்டுப் பூஜை அறையில் பழைய லட்சுமி படம் ஒன்று உண்டு. அது ராஜா ரவிவர்மா வரைந்ததுன்னு கல்லூரி நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

1848-ல் திருவிதாங்கூர் சீமையின் கிளிமானூரில் பிறந்தவர் அவர். எண்ணெய் வண்ண நுட்பத்தைச் சொல்லித்தர அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்துவிட்டார். 1868-ல் அங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சனோ, தாம் வரைவதை வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தே கற்றுக்கொண்டார் ரவிவர்மா! 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். அப்புறம் மன்னர்களும் துரைமார்களும் அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்கள், உருவப்படங்கள் குவிந்தன.

தம்பி ராஜராஜ வர்மாவுக்கு இயற்கைக் காட்சிகளில்தான் நாட்டம். அண்ணனோடு ஊர் ஊராகச் சுற்றினார். அண்ணன் படங்கள் பலவற்றில் பின்னணி அவர் கைவண்ணம். 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் கடனில் சிக்கிக் கைமாறிய காலத்திலும் கூடவே நின்றார். 1905-ல் தம்பி மறைந்தார், மறுவருஷமே அண்ணனும்.

பாலம் கட்ட நூறு பேர் உழைப்போம். கல்வெட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். பொறியாளனான எனக்கு அது தெரியும். ஊருக்கு வந்தால் இப்பவும் அந்தப் படத்தின் முன் நிற்கிறேன். லட்சுமியைக் கும்பிட்டுவிட்டு, பின்னால் தெரியும் மரங்களையும் ஒரு நிமிஷம் பார்க்கிறேன்.