மைஹரின் இசையாசான்

இசை பயில வேண்டும் என்னும் ஆசை ஒரு காலத்தில் எனக்கும் இருந்தது. ஏழாம் வகுப்பில் படித்தபோது எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த பெரியவர் ஒருவரிடம் வயலின் கற்கச் சென்றேன். நான்கு திங்கள் ஆகியும் அவர் சரளி வரிசையை விட்டு நகரவில்லை. சினிமாப் பாட்டு ஒன்றையேனும் வாசித்து நண்பர்களிடம் பெயர் வாங்கலாம் என்று போன எனக்குப் பொறுமை போயிற்று. வயிற்றுவலி என்று பொய் சொல்லி ஒரு நாள் நின்றவன், பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அப்பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. வழியில் காணும்போதெல்லாம் சாதகம் செய்கிறேனா என்று மட்டும் கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

இந்நிகழ்ச்சியை நான் மறந்தே போயிருந்தேன். அண்மையில் உஸ்தாத் அலாவுதீன் கானின் வாழ்க்கையைப் படித்தபோது அது மீண்டும் நெஞ்சை உறுத்தியது. ஆசிரியப் பணியை நாடும் நம்மில் பலருக்கும் அவ்வாழ்வு பயன்படும் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இன்றைய வங்காள தேசத்தில், பிராமண்பாரியா வட்டாரத்தில் உள்ள சிப்பூர் என்னும் சிற்றூரே அவர் பிறந்த ஊர். இசையின் மீது கொண்ட தீராத காதலால் சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடினார்; கல்கத்தா நகரை அடைந்தார். உற்றார் இல்லை, உறைவிடம் இல்லை. தருமச் சோறு உண்டு தெருவில் உறங்கிய அச்சிறுவனை நூலோ கோபால் என்னும் பாடகர் மாணவனாக ஏற்றார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார். பன்னிரண்டு ஆண்டுகள் சுரப் பயிற்சி மட்டுமே செய்ய வேண்டும். அதன் பின்னரே பாட்டு! நான்கு திங்களில் ஓடிவந்த நான் இவ்விடத்தில் நூலை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

ஏழு ஆண்டுகள் கடந்தன. பிளேக் நோய் குருவைக் கொண்டுபோயிற்று. இனிப் பாடுவதில்லை என்று துணிந்த அலாவுதீன், வாத்தியங்களின் பக்கம் திரும்பினார். விவேகானந்தரின் உறவினரான ஹாபு தத் என்பவரிடம் பல கருவிகளைப் பயின்றார். கோவாவிலிருந்து வந்த பாண்டு வாத்தியத் தலைவர் ஒருவரிடம் மேலை நாட்டு முறையில் வயலின் கற்றார். ஷெனாயும் கற்றார். வங்கத்து ஜமீன் மாளிகை ஒன்றில் அகமது அலி கானின் சரோட் இசையைக் கேட்டதும், தமக்குத் தெரியும் என்று எண்ணியிருந்த அனைத்தும் சிறு துளியே என்பதை உணர்ந்தார். அவருக்கே பணிவிடை செய்து சரோட் பயின்றார்.

பின்னர் அவர் நாடிச் சென்றது ராம்பூர் சமஸ்தானத்தை. அங்கே தான்சேனின் வழிவந்த வசீர் கான் என்னும் மாமேதை இருந்தார். ஏழை இளைஞனை வாயிற்காவலர் உள்ளே விடுவரோ? வேறு வழி காணாத அலாவுதீன், நவாபின் வண்டிக்கு முன்னே விழுந்து தம் வேட்கையைத் தெரிவித்தார் என்பர். நவாபின் தயவால் வசீர் கானின் மாணவரானார். ஆயினும் குரு உடனே எதையும் கற்பிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாயிலிலேயே காத்துக் கிடந்தார்.

இங்கே நாம் மறக்கக் கூடாத ஒருவர் உண்டு. ஊரில் விட்டுவந்த அவருடைய மனைவியே அவர். கணவர் வருவார் வருவார் என்று காத்திருந்து மனமுடைந்த அப்பெண்மணி உயிரை விடவும் துணிந்தார் என்றும், அச்செய்தி தந்தியாக வந்த பின்னரே வசீர் கான் தம் மாணவரின் நிலையை அறிந்து, மனம் கசிந்து, கற்பிக்கத் தொடங்கினார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். கலைஞனின் தவத்தைப் போற்றும் நாம், அத்தவத்திற்கு வீட்டில் இருப்போர் செலுத்திய விலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1918-ஆம் ஆண்டில், இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மைஹர் என்னும் சிறு சமஸ்தானத்தின் அரசர் பிரிஜ்நாத் சிங், அவரைத் தம் ஆசானாக ஏற்று அழைத்துக்கொண்டார். அலைந்து திரிந்த வாழ்வு முடிந்தது. ஆசிரிய வாழ்வு தொடங்கிற்று. அக்காலத்தில் கொள்ளை நோய் பரவிப் பல குழந்தைகள் பெற்றோரை இழந்து நின்றனர். அவர்களைத் திரட்டி அலாவுதீன் ஓர் இசைக்குழுவை அமைத்தார். அதுவே புகழ்பெற்ற மைஹர் பாண்டு. நம் நாட்டுக் கருவிகளும் மேலை நாட்டுக் கருவிகளும் அதில் சேர்ந்து ஒலித்தன. துப்பாக்கிக் குழல்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, நல்தரங் என்னும் புதிய வாத்தியத்தையும் செய்தார். உயிரைக் குடிக்கும் கருவியை உயிரை வளர்க்கும் கருவியாக மாற்றிய அச்செயலை நினைக்குந்தோறும் என் உள்ளம் சிலிர்க்கிறது.

அவர் பிறப்பால் இஸ்லாமியர், தொழுகை தவறாதவர். அதே வேளையில் மைஹர் மலைமீது கோயில் கொண்டுள்ள சாரதா தேவியிடமும் நீங்காத பக்தி பூண்டிருந்தார். இசைக்கு முன் சமயம் சுவராக நிற்கவில்லை.

மாணவர்கள் அவரைப் பாபா என்று அழைத்தனர். பாபாவின் கண்டிப்புக்கு எல்லை இல்லை. மகன் அலி அக்பர் கானை அடித்தும், மரத்தில் கட்டியும் பயிற்றினார். அடி தாங்காமல் அம்மகன் வீட்டை விட்டு ஓடியதும் உண்டு. இதனை நான் புகழ மாட்டேன். பிரம்பினால்தான் கலை வளர்ந்தது என்று கூறுவோர், அவர் வாழ்வின் மற்றொரு நிகழ்ச்சியைக் காணல் வேண்டும்.

அவருடைய மூத்த மகளுக்குப் புகுந்த வீட்டில் இசையே பகையாயிற்று. அவளுடைய தம்பூராவையும் மாமியார் தீயிலிட்டார் என்பர். அத்துயரத்தால், இளைய மகள் அன்னபூர்ணாவுக்கு இசை கற்பிப்பதில்லை என்று உறுதி பூண்டார். ஆனால் சிறுமியின் காதுகளை யார் மூட முடியும்? அண்ணனுக்கு நடக்கும் பாடங்களைக் கேட்டுக் கேட்டே அவள் கற்றாள். ஒரு நாள் தந்தை வெளியே சென்றிருந்த வேளையில் அண்ணன் தவறாக வாசிக்க, அவள் திருத்திப் பாடிக் காட்டினாள். திரும்பி வந்த தந்தை பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடி விழும் என்று அவள் அஞ்சினாள். அவரோ அவளை உள்ளே அழைத்துச் சென்று, கையில் தம்பூராவைக் கொடுத்து, அன்றே பாடத்தைத் தொடங்கினார்.

உலகம் போற்றும் ஆசான் ஒரு சிறுமியின் முன் தம் முடிவை மாற்றிக்கொண்டார். என் கருத்தில் அவர் வாழ்வின் உச்சம் இதுவே.

1935-இல் நடனக் கலைஞர் உதய சங்கரின் குழுவுடன் அவர் ஐரோப்பா சென்றார். அக்குழுவில் பதினைந்து வயது இளைஞராக இருந்த ரவி சங்கர், 1938-இல் ஆட்டமும் ஆடம்பரமும் துறந்து மைஹருக்கு வந்து சிதார் பயின்றார். நிகில் பானர்ஜி சிதாரிலும், பன்னாலால் கோஷ் புல்லாங்குழலிலும் புகழ் பெற்றனர். தமக்குக் கதவு திறக்கப் பல்லாண்டு காத்திருந்தவர், தம் கதவைத் திறந்தே வைத்தார். மாணவரிடம் ஊதியம் கேளாது, தம் வீட்டிலேயே உண்ணவும் உறங்கவும் இடமளித்துக் கற்பித்தார்.

1958-இல் பத்மபூஷணும், 1971-இல் பத்மவிபூஷணும் அவரை நாடி வந்தன. ரித்விக் கட்டக் 1963-இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். கதைப் படமாக எடுத்திருந்தால், இப்படியும் நடக்குமோ என்று நாம் ஐயுற்றிருப்போம்! 1972 செப்டம்பர் 6-ஆம் நாள் மைஹரில் அவர் மறைந்தார்.

மரத்தில் கட்டப்பட்ட மகன் அலி அக்பர், கல்கத்தாவிலும் பின்னர் கலிபோர்னியாவிலும் இசைக் கல்லூரி நிறுவினார். கற்பிக்கப்படாதிருந்த மகள் அன்னபூர்ணா தேவி, மேடையைத் துறந்து, மும்பையில் தம் வீட்டிலிருந்தே 2018-இல் மறையும் வரை மாணவர்களை உருவாக்கினார். ஹரிபிரசாத் சௌராசியா அவர்களுள் ஒருவர். நல்லாசிரியனின் ஆயுள் அவன் உடலோடு முடிவதில்லை.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். தெருக்கோடி வீட்டுக்கும் சென்றேன். பெரியவரின் கைகள் நடுங்கின. ஆயினும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமா என்று கேட்டேன். அவர் எழுந்து, பரண்மீது இருந்த வயலின் பெட்டியை எடுக்குமாறு கை காட்டினார். அன்று மாலை முழுவதும் சரளி வரிசைதான் வாசித்தேன். அது எனக்குச் சலிக்கவில்லை.