வரைபடத்தோடு புதுச்சேரிக்கே வந்த ஜார்ஜ் நகாஷிமா

கேட் சாஃப்ட்வேரில் வரைந்ததை டி.எக்ஸ்.எஃப். ஃபைலாக மாற்றி, லேசர் கட்டிங் பட்டறைக்கு அனுப்பியாச்சு. வேலை முடிந்தது என்றுதான் பலர் நினைப்பார்கள். ஆனால், அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்பதில் குழப்பம் வந்தால் போதும், பொருள் 25.4 மடங்கு மாறிப்போகும். வரைபவருக்கும் செய்பவருக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியை நேரில் வந்து அடைத்த ஒருவரின் கதை, புதுச்சேரியில் இருக்கிறது.

யார் இவர்?

ஜார்ஜ் நகாஷிமா 1905-ல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்தார். எம்.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்தார். 1934-ல் டோக்கியோவில் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்தார். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதியை வடிவமைக்கும் வேலை அந்த அலுவலகத்துக்குத்தான் வந்தது. கட்டுமானத்தைக் கவனிக்க 1937-ல் நகாஷிமா புதுச்சேரி வந்தார்.

பாத்திரம் தாழ்ப்பாள் ஆனது

வேலை செய்தவர்களில் பலர் ஆசிரமவாசிகள். கான்கிரீட் பழக்கம் இல்லாதவர்கள். கதவு, ஜன்னலுக்கான பித்தளைப் பாகங்களும் அங்கேயே வார்க்கப்பட்டன. பக்தர்கள் கொடுத்த பழைய பாத்திரங்களை உருக்கித்தான் அதைச் செய்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உருகிய பித்தளை ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். வரைபடத்தில் உள்ள அளவிலேயே அச்சு எடுத்தால், வார்த்த பாகம் பொருந்தாது. இன்று லேசர் வெட்டும் அகலத்துக்கும், தகடு வளையும் இடத்துக்கும் கணக்கு விடுகிறோமே, அதே சங்கதிதான்.

சம்பளம் வேண்டாம் என்று சொல்லி, நகாஷிமா ஆசிரமத்திலேயே ஒருவராகிவிட்டார். சுந்தரானந்தா என்று பெயர் சூட்டினார் ஸ்ரீ அரவிந்தர். 1939-ல் நகாஷிமா புறப்பட்ட பிறகு, சக கட்டடக் கலைஞர் ஃபிரான்டிஷெக் சாமர் பணியைத் தொடர்ந்தார்.

முகாமில் கற்ற தொழில்

அமெரிக்கா திரும்பியவருக்குப் பேரிடி காத்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக 1942-ல் மனைவி, கைக்குழந்தையோடு மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே ஜப்பானிய முறை அறிந்த ஒரு தச்சரிடம் மரவேலை கற்றார். 1943-ல் பழைய முதலாளி ரேமண்ட் பொறுப்பேற்றதால் விடுதலை கிடைத்தது. பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டு, உலகம் அறிந்த மரச்சாமான் கலைஞர் ஆனார்.

அங்கே அவர் பலகையைப் பார்த்துவிட்டு, அதன் மீதே சாக்பீஸால் கோடு போடுவார். வரைபவரும் செய்பவரும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டார்கள். 1990-ல் மறைந்தார். புதுச்சேரியில் கோல்கொண்டா இன்னும் ஆட்கள் தங்கும் விடுதியாகவே இருக்கிறது.

எல்லோராலும் பட்டறைக்கே குடிபோக முடியாதுதான். ஃபைலை அனுப்பிய கையோடு ஒரு போன் போட்டு, அளவின் அலகு, தகட்டின் தடிமன், வளைக்கும் இடம் மூன்றையும் சொல்லிவிடலாமே!