பப்ரிசியுஸ் ஐயரும் எதிர்பாராது கிட்டிய அச்சியந்திரமும்

பூந்தமல்லியினின்று சென்னைப் பட்டணத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நாம் பன்முறை போய்வந்திருக்கிறோம். கீழ்ப்பாக்கத்தைக் கடந்தபின் அச்சாலைக்கு வடபுறத்தே புரசைவாக்கமும் வேப்பேரியும் உள்ளன. அப்பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்து தமிழருக்கு ஊழியம் புரிந்த யோவான் பிலிப்பு பப்ரிசியுஸ் ஐயரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். தேவன் தம் ஊழியருக்கு வேண்டியதை நினையாத வழியில் அளிப்பதையும், மனிதன் தானே வகுக்கும் வழி தவறிப்போவதையும் அச்சரித்திரத்தில் ஒருங்கே காண்கிறோம்.

ஐயரவர்கள் 1711ஆம் ஆண்டு ஜெர்மனி தேசத்தில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்றவர், பின்னர் வேதசாஸ்திரத்தை நாடி ஹாலே நகரஞ் சென்றார். 1740ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1742ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை மிஷனைப் பொறுப்பேற்றார். அது அமைதியான காலமன்று. 1746ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர், ஆலயம் இடிபட்டது. 1758ல் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி பட்டணத்தை முற்றுகையிட்டபோது, மிஷன் இல்லம் கொள்ளையிடப்பட, ஐயர் சபையாருடன் பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார்.

இத்தனை இடர்களுக்கிடையிலும் அவர் உள்ளத்தில் இருந்த பெரும் பணி ஒன்றே: தமிழர் தம் மொழியில் பிழையின்றியும் இனிமையாகவும் வேதத்தை வாசிக்க வேண்டும் என்பது. முன்னோர் மொழிபெயர்ப்பைச் சொல் சொல்லாக ஆராய்ந்து, தமிழறிந்தாருக்கு வாசித்துக் காட்டித் திருத்தி வந்தார். ஆயினும் எழுதியதை அச்சேற்றச் சென்னையில் வசதியில்லை. தொலைவிலுள்ள தரங்கம்பாடியையே நம்பவேண்டியிருந்தது.

இந்நிலையில் 1761ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தனர். அங்குக் கிடைத்த பொருள்களுள் அச்சியந்திரம் ஒன்றும் இருந்தது. அது சென்னைக்குக் கொண்டுவரப்பட்டபோது, அதை இயக்கும் வகையறியாத அதிகாரிகள், அரசாங்க வேலையை முதலில் முடித்துக் கொடுக்கவேண்டும் என்னும் நிபந்தனையுடன் ஐயரிடம் ஒப்புவித்தனர். எந்தப் போர் அவரை வீடிழக்கச் செய்ததோ, அப்போரின் முடிவிலேயே அவருக்கு வேண்டிய கருவி வந்து சேர்ந்தது! ஓர் ஊரார் தோற்று அல்லலுற்றதைத் தேவன் விரும்பினார் என்று கூற நாம் துணியோம். மனிதர் செய்த அழிவினின்றும் அவர் நன்மையை விளைவிக்க வல்லவர் என்று மட்டும் அறிகிறோம்.

வேப்பேரி அச்சுக்கூடம் இவ்வாறு தோன்றியது. 1772ல் ஐயரின் புதிய ஏற்பாடு வெளிவந்தது. 1779ல், பிரைத்தௌப்டு ஐயர் துணையுடன் அவர் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதி, ஏறக்குறைய 9,000 சொற்களுடன் வெளியாயிற்று. ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றையும் தமிழாக்கினார். அவருடைய வேத மொழிபெயர்ப்பை லுத்தரன் சபையார் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்தனர்.

ஆனால் அவர் வாழ்வின் மற்றொரு பகுதியை மறைத்தல் நேர்மையாகாது. மிஷனுக்கு வருவாய் தேட எண்ணி, தம்மை நம்பிப் பிறர் ஒப்புவித்த பணத்தையும் வட்டிக்குக் கொடுத்தார். கடன்பட்டோர் திருப்பித் தரவில்லை. அதனால் முதுமையில் ஐயர் சிறையிலும் அடைபட்டார். நம்பினோர் பலர் பொருளிழந்தனர். 1788ல் மிஷன் பொறுப்பு கெரிக்கே ஐயரிடம் சென்றது. 1791ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தம் 80ஆம் வயதில், வறியவராகவே காலஞ்சென்றார்.

தாம் கணக்கிட்டுத் தேடிய பணம் அவரைச் சிறைக்கு இட்டுச் சென்றது. கணக்கிடாமல் கிட்டிய யந்திரமோ தமிழருக்கு நூல்களை ஈந்தது. அந்த யந்திரம் வருமுன்னரே, அச்சேறும் என்னும் உறுதியின்றியே, அவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நாம் மறத்தலாகாது. உதவி வந்தபோது பணி ஆயத்தமாயிருந்தது. நாமும் நம் கையிலுள்ள பணியை உண்மையாய்ச் செய்து, குறைவுபட்டதைக் கர்த்தரிடம் ஒப்புவித்துக் காத்திருப்போமாக.